லூபஸ் உள்ளவருக்கு இன்ஃபுளுவன்சா ஊசி: எப்ப போடுறது, எந்த மருந்தை நிறுத்துறது?

வாவிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். மச்சாளுக்காகக் கேட்கிறன். வயது 31. ஆறு வருசமா லூபஸ், கிட்னியும் தாக்குப்பட்டது, பயொப்சியில நாலாம் வகை. இப்ப ஒரு வருசமா அமைதியா இருக்கு. காலையில 1 கிராம், இரவில 1 கிராம் மைகோபினோலேற் (எதிர்ப்புச் சக்தியை அடக்குற குளிசை), பிரெட்னிசொலோன் (ஸ்டீரொயிட்) 7.5 மி.கி., ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 200 மி.கி. எடுக்கிறா. மாரி தொடங்க முன்னம் இன்ஃபுளுவன்சா ஊசி போடச் சொல்லி கிளினிக் கொப்பியில டொக்டர் எழுதி விட்டிருக்கார்.

கிளினிக்கில பக்கத்தில இருந்த ஒரு அக்கா, தனக்கு ஊசி போட்ட பிறகு ரெண்டு கிழமை குளிசையை நிறுத்தச் சொன்னதாச் சொல்லியிருக்கா. அப்ப மச்சாளும் நிறுத்தணுமா? வீட்டில மாமி வேற, "எதிர்ப்புச் சக்தி கூடிப்போய் வந்த வருத்தத்துக்கு அதை இன்னும் கூட்டுற ஊசியா?" என்று நிக்கிறா. எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியல்ல. ஊசி அரசாங்க கிளினிக்கில இல்லையாம், வெளியில வாங்கணுமாம். வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கச்சான்காற்று

தம்பி, மாமியின் கேள்வியில் இருந்தே தொடங்குவோம், அது நல்ல கேள்வி. லூபஸில் எதிர்ப்புச் சக்தி "கூடிப்போனது" அல்ல, ஆள் மாறி அடிக்கிறது. சொந்தப் பட்டி மாட்டையே களவு மாடென்று அடிக்கிற காவல்காரன் மாதிரி. தடுப்பூசி அவன் கையில் புதுத் தடி எதையும் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு கள்ளனின் முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறது. ஊசிக்குள் இருப்பது செத்த வைரசின் மேற்பரப்புப் புரதம், வகை ஒன்றுக்கு 15 மைக்ரோகிராம். அது உடம்பில் பெருகாது, தடிமனையும் தராது. லூபஸ்காரருக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் 1978இலேயே வெளிவந்துவிட்டன. அதற்குப் பிறகு வந்தவையும் சேர்த்து, ஊசியால் லூபஸ் கிளம்புகிறது என்ற பயத்தை உறுதிப்படுத்தவில்லை. கிளப்பக்கூடியது உண்மையான இன்ஃபுளுவன்சாக் காய்ச்சல்தான். மைகோபினோலேற் எடுப்பவருக்கு அது நெஞ்சில் இறங்கி நியூமோனியாவாகும் ஆபத்தும் கூட.

தவிர்க்க வேண்டிய ஒரு வகை உண்டு: மூக்கில் விசிறும் உயிருள்ள தடுப்பு மருந்து. மச்சாள் எடுக்கிற மருந்துகளோடு அது கூடாது. கையில் போடுகிற ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இனி மருந்து. கிளினிக்கில் இருந்த அக்கா சொன்னதும் சரி, ஆனால் அவர் எடுப்பது அநேகமாக மெதொட்ரெக்சேற்றாக இருக்கும். கிழமைக்கு ஒரு நாள் எடுக்கிற மருந்து அது. கொரியாவில் முடக்குவாத நோயாளரில் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஊசி போட்ட பிறகு இரண்டு கிழமை அதை நிறுத்தியவர்களுக்குப் பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) நன்றாக ஏறியது. அமெரிக்க முடக்குவாதவியல் கல்லூரியின் 2022 வழிகாட்டல் அதை எடுத்துக்கொண்டது: இன்ஃபுளுவன்சா ஊசிக்குப் பிறகு இரண்டு கிழமை, அதுவும் வருத்தம் அமைதியாக இருந்தால் மட்டும். அதாவது இரண்டு தவணை தவறும். கனபேர் ஊசிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, போட்ட அன்று இரவே திரும்பத் தொடங்குகிறார்கள். அதில் பலன் இல்லை, மருந்து விட்டதுதான் மிச்சம்.

மைகோபினோலேற், அசதையோபிரின், பிரெட்னிசொலோன் எதையும் இந்த ஊசிக்காக நிறுத்துவதில்லை. மைகோபினோலேற் ஊசியின் வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், உண்மைதான். ஆனால் கிட்னியை அமைதியாக வைத்திருப்பதே அந்த மருந்து. கொவிட் ஊசிக் காலத்தில் அதை ஒன்று, இரண்டு கிழமை நிறுத்தும்படி சொல்லப்பட்டது. அந்த நினைவில் இப்போதும் சிலர் நிறுத்துகிறார்கள். இன்ஃபுளுவன்சா ஊசிக்கு அந்த யோசனை இல்லை. ஹைட்ரொக்சிகுளோரோகுயினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: ரிட்டுக்சிமாப் ஏற்றுபவர்கள் அடுத்த ஏற்றத்துக்கு முன் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும், வருத்தம் இடம் கொடுத்தால் போட்டுக் குறைந்தது இரண்டு கிழமை கழித்து ஏற்றலாம். ஏற்கெனவே ஏற்றிவிட்டால், அது பி கலங்களை (பிறபொருளெதிரியை உண்டாக்க வேண்டிய வெள்ளணுக்களை) அழித்துவிடும், அவை இல்லாத உடம்பில் பிறபொருளெதிரி கனக்க ஏறாது. ஆனாலும் காய்ச்சல் பரவுகிற காலம் வந்துவிட்டால் காத்திருக்காமல் போடுவதே நல்லது. பிரெட்னிசொலோன் 20 மி.கி.க்கு மேலே இருப்பவர்களுக்கும் இதே கதைதான். வேறு தடுப்பூசிகளைப் பிற்போடலாம், இதைப் பிற்போட்டால் பருவம் போய்விடும்.

குளிசைப்பெட்டி

ஸலாம், வணக்கம். வாங்குற பக்கத்தை நான் சொல்றன்.

முதல்ல பெட்டியில இருக்கிற ஆண்டைப் பாருங்க. உலக சுகாதார நிறுவனம் வருசத்துக்கு ரெண்டு தரம் வைரஸ் வகைகளைத் தெரிவு செய்யும். பெப்ரவரியில வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பர்ல தென் அரைக்கோளத்துக்கு. ரெண்டு ஆண்டு சேர்த்து அடிச்சிருந்தா வடக்கு மருந்து, ஒரே ஆண்டு மட்டும் இருந்தா தெற்கு மருந்து. நம்மட இலங்கையில இந்தக் காய்ச்சல் ஏப்ரல், மே, ஜூன் ஒரு தரமும் நவம்பர்ல இருந்து ஜனவரி வரை இன்னொரு தரமும் ஏறும். வடகீழ் மழையோட நம்மட பக்கம் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற காலம் அந்த ரெண்டாவதுதான். ஊசி போட்டு ரெண்டு கிழமை போனாத்தான் பாதுகாப்பு ஏறும். அதனால செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் நடுப்பகுதிக்குள்ள போட்டா நல்லம். அது தவறினா டிசம்பர்லயும் போடலாம், "இந்த வருசம் போச்சு" என்று விட வேணாம்.

போன பருவத்து மிச்சம் விலை குறைச்சுக் கிடைச்சா வாங்காதீங்க. காலாவதித் திகதி இன்னும் இருக்கலாம், உள்ள இருக்கிற வகை பழசு.

மூணு வகையா, நாலு வகையா என்று தேடி அலைய வேணாம். பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில எங்கயும் உறுதியாகக் காணப்படல்ல, அதனாலதான் புது மருந்துகள்ல அதை எடுத்துப்போட்டாங்க. மூணு வகை மருந்து குறைஞ்ச மருந்து இல்ல. வகைக்கு 60 மைக்ரோகிராம் உள்ள உயர் அளவு ஊசியும் உலகத்தில இருக்கு. கிடைச்சா நல்லம், ஆனா அதைத் தேடி மாசக்கணக்கா ஊசி போடாம இருக்கிறது மடத்தனம்.

ஊசி பிழைச்சுப் போற இடம் குளிர். 2 முதல் 8 பாகைக்குள்ள வச்சிருக்கணும், உறையவும் கூடாது. உறைஞ்சு இளகின ஊசி பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதைக் குப்பையிலதான் போடணும். அக்கரைப்பற்றில வாங்கி, பையில வச்சு, மட்டக்களப்புக்கு பஸ்ஸில கொண்டு போய், அங்க டொக்டரைப் பிடிச்சுப் போடலாம் என்று திட்டம் போடாதீங்க. எங்க வாங்குறீங்களோ அங்கயே போடுற இடமாப் பாருங்க. வேற வழியே இல்லாட்டி ரெஜிபோம் பெட்டி. ஐஸ் பொதியை பிரீசர்ல இருந்து எடுத்த உடனே வைக்காம, வெளியில வச்சு, வேர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேட்ட பிறகு வைங்க. ஊசிப் பெட்டியைக் கடதாசியில சுத்தி, ஐஸில முட்டாம வைக்கணும். வீட்டு பிரிட்ஜில வைக்கிறதா இருந்தா நடுத்தட்டு. கதவிலயும் வேணாம், பிரீசருக்குக் கீழயும் வேணாம். கரண்ட் போனா கதவைத் திறந்து திறந்து பார்க்கிற பழக்கமும் வேணாம்.

பாமசியில "கரண்ட் போனா இதை எப்படி வைக்கிறீங்க?" என்று கேட்கக் கூச்சப்படாதீங்க. வெப்பமானியைக் காட்டிப் பதில் சொல்றவர்ட்ட வாங்கலாம்.

வாவிக்கரை

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. காக்கா, நான் உண்மையாவே பஸ்ஸில கொண்டு போற திட்டத்திலதான் இருந்தன்.

ஒன்றைச் சொல்ல மறந்திட்டன். மச்சாளுக்கு முந்திக் காலில இரத்தம் கட்டினதால வாபரினும் (இரத்தம் உறையாம இருக்கிறதுக்கான குளிசை) எடுக்கிறா. ஊசி சதையில போடலாமா? முட்டை சாப்பிட்டா கடிக்கிறது வேற இருக்கு.

ஆலையடிநிழல்

வாபரின் எடுப்பவருக்கும் சதையில் போடலாம், முறை தெரிந்து போட வேண்டும். ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) அண்மையில் பார்த்து, டொக்டர் வைத்த எல்லைக்குள் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லை தாண்டியிருந்தால் அது இறங்கிய பிறகு. மெல்லிய ஊசி, 23 அல்லது 25 கேஜ். மேல்கையின் தோள் தசையில் 0.5 மி.லீ. ஊசியை வெளியே எடுத்த பிறகு பஞ்சை வைத்து இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. நம் ஆட்கள் பழக்கத்தில் தேய்த்து விடுவார்கள், அதில்தான் கண்டல் வரும். போடுகிற மிசியிடம் ஊசியைக் கையில் எடுக்க முதலே "வாபரின் எடுக்கிறவ" என்று சொல்லுங்கள். கொப்பியில் இருக்கிறது, பார்ப்பார்கள் என்று விட வேண்டாம்.

லூபஸில் இரத்தத் தட்டு (பிளேட்லெட்) குறைவதும் உண்டு. 50,000க்குக் கீழே இருந்தால் போடுவதற்கு முன் கிளினிக் டொக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சில தயாரிப்புகளைத் தோலுக்குக் கீழேயும் போடலாம், அது அந்தந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும்.

முட்டை ஒரு தடை அல்ல. முன்பு அப்படிச் சொன்னார்கள், இப்போது அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். முன்பு இதே ஊசிக்கே மூச்சு முட்டி, முகம் வீங்கியிருந்தால்தான் தடை. எப்படியும் போட்ட பிறகு 20 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் இல்லாத இடத்தில், தெரிந்தவர் என்பதற்காக வீட்டுத் திண்ணையில் வைத்துப் போடுவிக்க வேண்டாம். அன்று 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் பிற்போடுங்கள். வெறும் மூக்கொழுகலுக்குத் தேவையில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் உச்சி நேரத்து வரிசையைத் தவிர்த்து, முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டக்கூடியதாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கச்சான்காற்று

போட்ட பிறகு வருகிற காய்ச்சலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, மட்டக்களப்பில் அதுதான் முக்கியம்.

ஊசிக் காய்ச்சல் முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 48க்குள் அடங்கும். கைநோவு, உளைவு, மெல்லிய காய்ச்சல், அவ்வளவுதான். பெனடோல் போதும்: 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். மச்சாள் 40 கிலோ அளவில் மெலிந்தவராக இருந்தால் ஒன்று. டைக்குளோபெனாக், இபுபுறூபன் வேண்டாம். கிட்னிக்கும் கூடாது, வாபரினோடும் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவுக்கும் வழி.

இருமல், தொண்டை நோவு, சளி இருந்தால் அது ஊசியால் வந்தது அல்ல. இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றால் "ஊசி போட்டதுதானே" என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் டெங்கு, இன்ஃபுளுவன்சா, லூபஸ் கிளம்புதல் மூன்றும் ஒரே முகத்தோடு வரும். மூன்றிலும் வெள்ளணு இறங்கலாம். டெங்கிலும் லூபஸிலும் தட்டுகள் விழும். அதனால் மச்சாள் நலமாக இருக்கும்போதே கடைசி இரத்தப் பரிசோதனையின் வெள்ளணு, தட்டு, கிரியற்றினின் (கிட்னியின் வேலையைக் காட்டுவது) அளவுகளை ஒரு துண்டில் எழுதிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வழமையாகவே வெள்ளணு 3,500 உள்ளவருக்கு அன்று 3,300 என்று வந்தால் பதற வேண்டியதில்லை. வழமை தெரியாத இரவு நேர டொக்டர் என்ன செய்வார்? சீ.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையும் கேட்டு எடுங்கள். லூபஸ் தானாகக் கிளம்பும்போது அது பெரும்பாலும் கனக்க ஏறாது, கிருமித் தொற்றில் ஏறும். ஈ.எஸ்.ஆர். என்ற மற்ற அழற்சிப் பரிசோதனை இரண்டிலும் ஏறும், அதை வைத்துப் பிரிக்க ஏலாது. பிரெட்னிசொலோன் காய்ச்சலை அமுக்கி வைக்கும் என்பதால் 37.8ஐயும் சும்மா விடாதீர்கள்.

இன்ஃபுளுவன்சாதான் என்றால் ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து 75 மி.கி. நாளைக்கு இரண்டு, ஐந்து நாள். தொடங்கிய 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தால்தான் பலன் கூட. கிட்னி வேலை குறைந்தவருக்கு 30 மி.கி.யாகக் குறைப்பார்கள், கிரியற்றினின் துண்டு அதற்கும் உதவும். எந்தக் காய்ச்சலிலும் பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மைகோபினோலேற்றைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

குளிசைப்பெட்டி

ரெண்டு குழப்பம் அடிக்கடி வரும், இதையும் சொல்லி விடுறன். "பிள்ளையில இன்ஃபுளுவன்சா ஊசி போட்டாச்சு" என்று கார்டைக் காட்டுவாங்க. அது ஹிப், ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள்ள இருக்கிற ஒரு பக்டீரியாவுக்கானது. பேர் மட்டும்தான் ஒன்று. மற்றது, ஹஜ்ஜுக்குப் போறவங்களுக்குக் கட்டாயமாப் போடுறது மூளைக்காய்ச்சல் ஊசி. இன்ஃபுளுவன்சாவும் போடச் சொல்லுவாங்க, ஆனா ரெண்டும் வேற வேற. ஹஜ் ஊசி போட்ட லூபஸ்காரர் எது போட்டது என்று கார்டைப் பார்க்கணும்.

நியூமோகொக்கல் (நியூமோனியாக் கிருமிக்கான) ஊசியும் எழுதி விட்டிருந்தா அதே நாள் மற்றக் கையில போடலாம். ரெண்டு தரம் பஸ் ஏற வேணாம். எது எந்தக் கை என்று எழுதி வைங்க.

வாவிக்கரை

வீட்டில ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கு. பிள்ளைக்கும் போடுறதா?

ஆலையடிநிழல்

போடலாம், நல்லது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லாருக்கும் போடலாம்; ஒன்பது வயதுக்குக் கீழே முதல் முறை என்றால் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு. மச்சாளின் உடம்பில் ஊசி முழுதாக வேலை செய்யாமல் போனாலும், வீட்டுக்குள் காய்ச்சல் வராவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், அதனால் மாமியும் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளையின் வழமையான ஊசிகளையும் எம்.ஓ.எச். கிளினிக்கில் நேரத்துக்குப் போடுங்கள். ஒன்றரை வயதில் போலியோ சொட்டு மருந்து வரும், அது உயிருள்ள மருந்து. மலத்தில் சில கிழமை வெளியேறும். கொடுக்க முன் மிட்வைஃபிடம் வீட்டில் மச்சாள் என்ன மருந்து எடுக்கிறார் என்று சொல்லி, என்ன செய்வதென்று கேளுங்கள். கொடுத்தால், அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் கால் கழுவி விடுவது, துணி மாற்றுவது மச்சாள் செய்யாமல் வேறு ஆள் செய்யட்டும்.