கவிழ்வா, ஒருக்களிப்பா? ‘கேப்சைஸ்’ என்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

சிறுவர் பாய்மரப் படகு வகுப்புக்கான பெற்றோர் குறிப்பில் ‘முதல் நாள்: கவிழ்வுப் பயிற்சி’ என்ற வரியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றத்தான் வேண்டும். படித்ததும் தாத்தா பாட்டிக்குப் பகீர் என்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சொல் அந்த இடத்தில் பிழை. படகு நிலைகுலைந்து நீரில் விழுவதைத்தான் ஆங்கிலத்தில் ‘கேப்சைஸ்’ என்கிறார்கள்.

கவிழ்த்தல் என்றால் வாய்ப்புறம் கீழே போவது. கழுவிய குண்டானைக் கவிழ்த்து வைக்கிறோம். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் சாங்கியிலும் பிள்ளைகள் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற சிறு பாய்மரப் படகு கேப்சைஸ் ஆகும்போது அப்படி ஆவதில்லை, பக்கவாட்டில் படுக்கிறது. பாய்மரம் நீர்மட்டத்தில் கிடக்கும். அடிப்புறம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதன் நடுவிலிருந்து செருகுபலகை, அதாவது படகின் நடுத்துளை வழியே நீருக்குள் இறக்கும் பலகை, நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிள்ளை மேல்விளிம்பையோ பாய்மரத்தையோ பிடித்துத் தொங்கினால், அந்த எடையே போதும்: பாய்மரம் கீழே இறங்கி, அடிப்புறம் வானத்தைப் பார்க்கும். படகோட்டிகள் ‘டர்டில்’ என்பது இதை. கவிழ்வு என்ற சொல்லுக்கு உரிய நிலையும் இதுதான். டர்டிலை ‘ஆமைநிலை’ என்று பெயர்க்க வேண்டாம். அங்கே மேலே தெரிவது ஆமையோடு போன்ற அடிப்புறம்; தமிழில் படிப்பவர் மல்லாந்து கிடக்கும் ஆமையை நினைத்துக்கொள்வார், படமே தலைகீழாகிவிடும்.

பக்கவாட்டில் கிடப்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. குழந்தை ஒருக்களித்துப் படுத்திருக்கிறது என்கிறோமே, அதேதான். சாய்வு, ஒருக்களிப்பு, கவிழ்வு என்று மூன்று படிநிலையும் வரிசையாக வந்துவிடுகின்றன.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், நிமிர்த்தும் முறை வேறு. ஒருக்களித்த படகில் முதல் வேலை தாமானை விடுவது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு அகராதியில் உள்ள பழைய சொல் தாமான். மெயின்ஷீட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். அதை விடாமல் நிமிர்த்தினால் எழுந்த பாய் உடனே காற்றைப் பிடித்து, படகு மறுபக்கம் விழும், அல்லது பிள்ளையை விட்டுவிட்டு ஓடும். பிறகு படகிலிருந்து கையை எடுக்காமல் அடிப்புறத்துக்குச் சுற்றி வந்து, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பாய்மரம் காற்று வரும் பக்கம் கிடக்கும்போது அவசரப்பட்டுத் தூக்கினால் பாயின் அடியில் காற்று புகுந்து, படகு பிள்ளையின் மேலேயே வந்து விழும். செருகுபலகையில் எடையைப் போடும்போது அடிப்புறத்தை ஒட்டிய பகுதியில் போட வேண்டும். நுனியில் ஏறினால் பலகை முறியும். பாய் மெதுவாக நீரை வடித்துக்கொண்டு எழும், கடைசியில் சட்டென்று நிமிரும்.

நிமிர்ந்தவுடன் வேலை முடிவதில்லை. ஆப்டிமிஸ்ட்டின் உடல் 35 கிலோதான், நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர். உள்ளே நிற்கும் தண்ணீர் படகைவிடக் கனக்கும். அதை இறைத்துத் தீர்க்காமல் பாயை இழுத்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி, திரும்பவும் ஒருக்களிக்கும். படகை மிதக்க வைக்கும் மூன்று காற்றுப்பைகளில் ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்து, இறைக்க இறைக்க நீர் உள்ளே வரும். கரையிலேயே பைகளை அழுத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

கவிழ்ந்த படகில் செருகுபலகை தன் எடையால் துளைக்குள் நழுவிவிடும், பிடிக்க எதுவும் இருக்காது. அதனால்தான் அதை ரப்பர் கயிற்றால் கட்டி வைக்கிறோம். அடிப்புறத்தில் ஏறி, பலகையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, முதலில் ஒருக்களிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும், பிறகுதான் நிமிர்த்தல். பாய்மரம் 2.35 மீட்டர். நீர் வற்றிய நேரத்தில் அதன் நுனி கரையோரச் சேற்றில் குத்திக்கொண்டால், பலகையில் ஏறி மிதிக்காமல் மீட்புப் படகுக்குக் காத்திருப்பதே சரி. மிதித்தால் பாய்மரம் வளையும்.

* * *

அம்மா, வணக்கம். விளக்கம் தெளிவு. ஆனால் மாட்டுவண்டி முதல் லாரி வரை பக்கவாட்டில் விழுந்தால் ‘குடைசாய்ந்தது’ என்றுதானே சொல்கிறோம்? செய்தித்தாளிலும் இருக்கிறது. விரிந்த பாய் நீரில் சாய்ந்து கிடப்பதற்கு ‘குடை’ என்ற படமும் பொருந்துகிறது. ஒருக்களித்தல் படுக்கையறைச் சொல்லாகப் படவில்லையா?

* * *

ஐயா, குடைசாய்தல் அழகான சொல், விபத்துச் செய்திக்கு அதையே எழுதலாம். பயிற்சிக்கு ஒத்துவராததற்கு இரண்டு காரணம். குடைசாய்ந்தது என்றாலே கேடு நடந்துவிட்டது என்று பொருள். இங்கே பிள்ளைகள் வேண்டுமென்றே பத்து முறை செய்து பழகுகிறார்கள். ஒருக்களிப்பதில் கேடு எதுவும் இல்லை, படுத்தவர் எழுந்துகொள்வார். ‘படுக்கையறைச் சொல்’ என்ற குறையே எனக்கு அதன் பலமாகத் தெரிகிறது.

இரண்டாவது, காது. சுமத்ரா பக்கமிருந்து திடீரென வரும் ‘சுமத்ரா காற்று’ காலையில் பாய்ந்து வந்தால் அதன் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். கரைக்குத் திரும்புவதற்குள் ஒரே நேரத்தில் பல படகுகள் விழும். மீட்புப் படகில் இருப்பவர் வாக்கிடாக்கியில் கேட்பது சொல்லின் வால் மட்டும். ‘…சாய்ந்தது’ என்று கேட்டால் அது வெறும் சாய்வா, குடைசாய்வா? ‘ஐந்து ஒருக்களிப்பு, ஒன்று கவிழ்வு’ என்றால் எந்தப் படகுக்கு முதலில் போக வேண்டும் என்று அந்தக் கணமே தெரியும். கவிழ்ந்த படகின் அடியில் பிள்ளை இருக்கலாம்.

ஆகவே பெற்றோர் குறிப்பில் இப்படிப் போடலாம்: ‘முதல் நாள்: ஒருக்களித்த படகை நிமிர்த்தும் பயிற்சி. உயிர்காப்புச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் சட்டை பெரிது.’