தனியாளா கொரியக் கடைக்கு: மாடு சேராம என்ன கேட்கலாம்?

தாம்வே தம்பி:
ரங்கூனில் ஒரு கொரியக் குடும்பம் நடத்துற கடை, நல்லா கவனிக்கிறாங்கன்னு கேள்வி. தனியாத்தான் போறேன். மேசையில் சுடுற கறி ரெண்டு பங்குக்குக் குறைஞ்சு கிடையாதாம். மாடு சாப்பிடறதில்லை. ஓராளுக்கு எது சரி? சுத்தி வைக்கிற சின்னத் தட்டுக்கெல்லாம் தனிக் காசா?

அடுப்படி அக்கா:
தம்பி, கரி மூட்டுறது, கீரை கழுவி வைக்கிறது எல்லாம் ஒருத்தர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் ஒரே வேலை. அதான் ரெண்டு பங்கு. ஜொங்கொல், புதே ஜிகே மாதிரிப் பெரிய சட்டிக் குழம்பும் அப்படித்தான். ஓராளுக்குன்னே அளந்தது சம்கேதாங்: முழுசா ஒரு சின்னக் கோழி, வயித்துக்குள்ள ஒட்டுற அரிசி, ஜின்செங் வேர், பூண்டு, சீன இலந்தை. சாறு உப்புக் குறைவாத்தான் வரும். பக்கத்துல வைக்கிற உப்பை நீங்களே போட்டுக்கணும், சப்புன்னு இருக்கேன்னு திருப்பி அனுப்பிடாதீங்க.
சின்னத் தட்டுக்குப் பொதுவா காசில்லை, கேட்டா மறுபடியும் வரும். மிச்சம் வச்சா முகம் சுளிப்பாங்க, பிடிச்சதை மட்டும் கேளுங்க.

மோல்மீன்காரன்:
மாடு ஒளிஞ்சிருக்கிற இடம் வேற. நெங்மியோன்னு குளிர்ந்த நூடுல்ஸ், அதோட சாறு பெரும்பாலும் மாட்டுச் சாறு. கடல்பாசி சூப்பும் அப்படியே. காடை முட்டையோட கறுப்பா, நார் நாரா ஒரு தட்டு வந்தா அது சாங்ஜோரிம், சோயா சாஸ்ல வேக வச்ச மாட்டுக்கறி, தொடாதீங்க. பிபிம்பாப்ல (காய், முட்டை, மிளகாய் விழுது போட்டுக் கிளறிச் சாப்பிடற சோறு) கறி வேண்டாம்னு சொல்லிட்டாலும், சில கடையில மிளகாய் விழுதையே மாட்டுக் கொத்துக்கறி போட்டு வதக்கியிருப்பாங்க. பர்மியத்துல "அமேதா மசாபூ" (மாட்டுக்கறி சாப்பிடறதில்லை)ன்னு மட்டும் சொன்னா மேல கிடக்கிற துண்டைத்தான் எடுப்பாங்க. சாறு, விழுது ரெண்டையும் தனித்தனியா விசாரிங்க. கிம்சியில (காரம் போட்டுப் புளிக்க வச்ச காய்) மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும். ஙப்பி (பர்மிய மீன், இறால் விழுது) பழகின நாக்குக்கு ஒண்ணும் தெரியாது, விரத நாளுக்கு ஆகாது.

தாம்வே தம்பி:
நன்றிண்ணே. கல்சட்டி பிபிம்பாப் எப்படி?

அடுப்படி அக்கா:
நல்ல தேர்வு. முட்டை பச்சையா இருந்தா உடனே கிளறிடுங்க, சட்டிச் சூட்டுலயே வெந்துடும். பொரிச்ச முட்டைன்னா ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, அடிச்சோறு முறுகும். விழுது முதல்ல ஒரு கரண்டி போதும்; கலந்தப்புறம் காரத்தைக் குறைக்க வழியில்லை. சாப்பிடற குச்சியைச் சோத்துல செங்குத்தா நட்டு வைக்காதீங்க, அது சாவுக்குப் படைக்கிற முறை. மதியக் கூட்டம் வடிஞ்சதும் போங்க, ஆனா சில கடை 3 மணிக்கு அடுப்பை அணைச்சிடும்.