ஃபோர்ட் கொச்சியில் தங்கலாமா? அம்மாவுடன் மூன்று ராத்திரி

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எங்கள் ஊரில் யார் கொச்சிக்குக் கிளம்பினாலும், "எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷன் பக்கம் ரூம் போடு" என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போன தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, காயலுக்கு அக்கரையில் இருக்கிற பழைய ஃபோர்ட் கொச்சியிலேயே தங்கிப் பார்த்தோம்.

பர்கர் தெருப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. தடித்த சுவர், மர ஏணிப்படி, மத்தியானத்திலும் உள்ளே குளுமை. ஆனால் அந்த வரிசையில் குடும்பம் இருக்கிற வீட்டைத் தேட வேண்டியிருந்தது. எல்லாம் ஹோம்ஸ்டே, கஃபே, துணிக்கடை. 2012-இல் பினாலே என்கிற கலைக் கண்காட்சி ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கத்துக்கு வருகிற கூட்டமே வேறு. ஒரு கஃபேயில் காபி 160 ரூபாய். அம்மா எழுந்துவிட்டார். இரண்டு தெரு தள்ளி சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம், அருமை.

இரண்டாம் நாள் காலை வெளி மைதானம் பக்கம் நடந்தபோது தோபிகானா என்கிற சலவைக்கூடத்துக்குள்ளிருந்து தமிழ் கேட்டது. எட்டிப் பார்த்தோம். துணி உலர்த்திக்கொண்டிருந்த வயசான அம்மா ஒருவர், "எந்த ஊரு தாயீ?" என்றார். "பாலக்காட்டுப் பக்கம்" என்று அம்மா சொன்னதும், "வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி துவைக்க வந்தவர்களின் வழியாம். முறுக்கிய கயிற்றின் பிரியை விரலால் விரித்து, விரிப்பின் முனையை அதில் செருகிவிடுகிறார். கிளிப்பே கிடையாது, காற்றுக்கும் அசையவில்லை. கஞ்சி போட்ட வாசம் அப்படியே நிற்கிறது.

"ஹோம்ஸ்டே விரிப்பெல்லாம் இங்கதான் வருது. ரூம் கூடக்கூட எங்களுக்கு வேலை. வாடகையும் கூடுது. மகன் பள்ளுருத்திக்குப் போயிட்டான்" என்றார்.

ராத்திரி அந்த வெள்ளை விரிப்பில் படுக்கும்போது அவர் ஞாபகம்தான். இந்த ஒரு காலைக்காகவே அங்கே தங்கியது சரி என்று நினைக்கிறேன். சவுத்தில் ரூம் போட்டிருந்தால், பகலில் வந்து சீனவலையையும் யூதத்தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

கொசு உண்டு, சாயங்காலமே ஜன்னலைச் சாத்துங்கள்.

சித்தூர்க்காரி:

அண்ணா, எனக்கு நேர்மாறு. அப்பாவை எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். படம் பார்த்து ஆசைப்பட்டு ஃபோர்ட் கொச்சியில் ரூம் எடுத்துவிட்டேன். பகலில் கவலையில்லை, 2024 முதல் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து வாட்டர் மெட்ரோ நேராக வருகிறது. ஆனால் ராத்திரி படகு நின்ற பிறகு தோப்பும்படி சுற்றி ஆட்டோதான். அப்பாவை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக மனசே வரவில்லை. இரண்டாம் நாளே ரூமை மாற்றிவிட்டேன். காரியமாகப் போகிறவர்கள் எர்ணாகுளம் கரையிலேயே தங்குங்கள்.

அப்புறம், அந்தத் தோபிகானா நடக்கிற தூரம்தானா? அப்பா இப்போது தேறிவிட்டார், கூட்டிக்கொண்டு போகணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அப்பா தேறியது சந்தோஷம்மா. அம்மாவோடு மெதுவாக நடந்து இருபது நிமிஷம் ஆச்சு. அப்பாவுக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் போங்கள், விரிப்பு காயப்போடுகிற நேரம் அதுதான்.