போர் பெண்களின் வாயைத் திறந்ததா, அடைத்ததா?

மயிலை செந்தில்:
போர் பெண்களை ஊமையாக்கியது என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். உள்நாட்டுப் போரில் சிக்கிய மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவைப் பாருங்கள். 2003இல் கானா தலைநகர் அக்ராவில் சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் மண்டப வாசலை மறித்து உட்கார்ந்து, உடன்பாடு வராமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். சண்டை ஓய்ந்தது, 2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண் ஜெயித்து அதிபரானார். போர் இல்லாமல் இது நடந்திருக்குமா?

அண்ணாநகர் நித்யா:
அவர்கள் ஏன் வாசலில் உட்கார்ந்தார்கள் செந்தில்? உள்ளே நாற்காலி கொடுக்கவில்லை, அதனால்தான். அவர்கள் துணிச்சலை எடுத்துப் போரின் கணக்கில் வரவு வைக்காதீர்கள். ஈழத்துக்கு வாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் சொல்லிக்கொடுத்த ராஜினி திராணகம, எந்தத் தரப்பு கொன்றாலும் எழுதினார், 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனை பெண்கள் பேனாவை மூடி வைத்திருப்பார்கள்?

மயிலை செந்தில்:
அதை மறுக்கவில்லை. ஆனால் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் வாசலில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த அம்மாக்கள்? காணாமல் போனோர் அலுவலகம் என்று அரசாங்கம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, அதில் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள். அது குரல் இல்லையா?

கமலி:
செந்தில் அண்ணா, நான் சென்னைக்குப் பக்கத்து அகதி முகாமில் பிறந்தவள். அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மாதான் தையல் மெஷின் மிதித்தே எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் லைனில் முதலில் சத்தம் போடுவது அவர்தான். ஆனால் அதிகாரி வரும் கூட்டத்தில் எழுந்து இரண்டு வார்த்தை பேசினால், "வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்பார்கள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். குரல் இருக்கிறது அண்ணா, அதைக் கணக்கில் எடுப்பதற்குத்தான் ஆளில்லை.

அண்ணாநகர் நித்யா:
இதைத்தான் சொல்கிறேன். போர் முடிந்தது 2009இல். இலங்கை உள்ளாட்சியில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது 2018 தேர்தலில். அதுவரை 2 சதவீதம்கூட இல்லை. போர் திறந்துவிட்ட வாய் என்றால், அந்த ஒன்பது வருஷம் எங்கே போனது?

மயிலை செந்தில்:
சரி, சட்டம் வேண்டும் என்பதில் சண்டையில்லை. அந்த அம்மாக்களின் போராட்டத்தை ஒன்றுமில்லை என்று தள்ளுவதை மட்டும் ஏற்கமாட்டேன். கமலி, அடுத்த கூட்டம் எப்போது?

கமலி:
மாதக் கடைசியில். இந்த முறை அம்மா பக்கத்தில் நானும் நிற்பேன் அண்ணா.