பழைய பிஎஃப் கணக்கைச் சேர்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 54. பிஎஃப் பிடிப்பது மாதச் சம்பளத்தில் 12,000 ரூபாய்க்குக் கணக்கிட்டுத்தான். கையில் சேமிப்பு என்று பார்த்தால் வங்கி டெபாசிட் 4 லட்சம், அவ்வளவுதான்.

58 வயதில் இங்கே 16 வருட சர்வீஸ் ஆகும். அந்த 12,000 சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்குப்படி பிஎஃப் பென்ஷன் மாதம் சுமார் 2,740 வருகிறது. இதற்கு முன் வேறொரு கம்பெனியில் 5 வருடம் இருந்தேன். அந்தப் பணத்தை எடுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. அதையும் சேர்த்தால் 21 வருடம். 20 தாண்டினால் 2 வருடம் கூடுதலாகத் தருவார்களாம், அப்போது சுமார் 3,940. மாதம் 1,200 ரூபாய் என்பது எனக்குப் பெரிய தொகை, ஒரு மாத அரிசியும் காஸும் அதில் அடங்கிவிடும்!

சிக்கல் என்னவென்றால், பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். அங்கே என் பெயர் எழுத்தும் ஆதாரில் உள்ளபடி இல்லை. கையெழுத்துப் போட முதலாளி இல்லாதபோது இதை எப்படித் திருத்துவது? பழைய சம்பளச் சீட்டு மூன்று இருக்கிறது, போதுமா?

அப்புறம் இன்னொன்று. அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்கு மேல் சேர முடியாது. 60 ஆனதும் டெபாசிட்டைத் தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடலாம் என்றிருக்கிறேன். மகன் சீட்டுப் போடச் சொல்கிறான், எனக்குத் துணிச்சல் இல்லை. இந்த 6 வருடத்துக்கு எங்கே போடலாம்? அனுபவப்பட்ட அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.