20 வருஷப் பழைய எஸ் கிளாஸ் வாங்கலாமா, கையைச் சுட்டுக்கொள்வேனா?

ஆசைக்காரன்:
ரொம்ப நாள் ஆசை. 2004 மாடல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, டபிள்யூ220 (அந்தத் தலைமுறை எஸ் கிளாஸின் குறியீடு), வி8, அதாவது 8 சிலிண்டர் இன்ஜின், 1,60,000 கிமீ ஓடியது. புது சின்ன கார் வாங்கும் காசைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அதிலேயே பாதி மனசு போய்விட்டது. சர்வீஸ் பில் கேட்டால் ஓனர், "வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு சார், பில் எதுக்கு" என்கிறார். காலையில் போனபோது முன்பக்கம் ஒரு மூலை தாழ்ந்திருந்தது, ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் ஏறிவிட்டது. இந்த மாடலில் அது சகஜமா?

கிரீஸ்கை:
சகஜம்தான், ஆனால் சும்மா விடுகிற சமாசாரம் இல்லை. அதில் கம்பிச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைதான் வண்டியைத் தாங்குகிறது, வயசானால் ரப்பரில் வெடிப்பு விழும், ராத்திரியெல்லாம் காற்று கசியும், காலையில் கம்ப்ரஸர் மறுபடி நிரப்பும். இப்படித் தினமும் அளவுக்கு மீறி ஓடி ஓடி அதுவும் கருகிவிடும், அப்புறம் காற்றுப்பைக்கும் கம்ப்ரஸருக்கும் சேர்த்துச் செலவு. சமதளத்தில் ராத்திரி நிறுத்தச் சொல்லுங்கள், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன்பே மறுபடி அளக்க வேண்டும். நீங்கள் வரும் முன் இன்ஜினைச் சூடேற்றி வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

பழசுபிரியன்:
கியர்பாக்ஸையும் கவனியுங்கள் சார். 2004 வி8-இல் 5 கியர் பெட்டியும் (722.6) உண்டு, 7 கியரும் உண்டு, எது என்று பாருங்கள்; நான் சொல்வது 5 கியருக்கு. அதன் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னதை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். ஒயர் நுழைகிற இடத்தில் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று இருக்கிறது, அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்தால் ஆயில் கசிந்து ஒயருக்குள்ளேயே மெல்ல ஏறி கியரை இயக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். டயர் பக்கவாட்டில் 4 இலக்க எண்ணையும் பாருங்கள், 1418 என்றால் 2018-இன் 14-வது வாரம் தயாரானது. தரையில் படுகிற ரப்பர் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் டயர் பழசென்றால் பழசுதான்.

பட்டறிந்தவன்:
என் கதை. வேறு கம்பெனி வண்டி, பெயர் வேண்டாம். பில் கேட்காமல் வாங்கினேன். முதல் மழைக்கு அப்புறம் உள்ளே ஊறிப்போன கோணிச்சாக்கு வாசனை. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருந்த ஃபோம் தண்ணீர் குடித்துப் பொதபொத என்று இருக்கிறது. சன்ரூஃப் தண்ணீர் வடிகிற குழாய் அடைத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் சீட்டுக்கு அடியில் இருந்த எலக்ட்ரானிக் பெட்டி போய்ச் சேர்ந்தது. அதனால் போகும்போது கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். வாங்குகிற விலையில் பாதியாவது கையில் தனியாக இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். மலிவானது வண்டி மட்டும்தான், ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை. வி8-தான் வேண்டும் என்றால் லெக்ஸஸ் எல்எஸ்430-ஐயும் பாருங்கள், தொல்லை குறைவு. ஆனால் டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கிற பெல்ட்) மாற்றிய பில் கட்டாயம் வேண்டும், 1,44,000 கிமீக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஆசைக்காரன்:
நன்றி. டேப்போடு போனேன், ஒரே ராத்திரியில் முன் வலது மூலை 4 செ.மீ. இறங்கியிருக்கிறது. ஓனருக்குக் கோபம், "இவ்வளவு பார்க்கிறவர் புதுசு வாங்கலாமே" என்றார். நாலு காற்றுப்பைகளுக்கும் கம்ப்ரஸருக்கும் ஆகிற செலவை விலையில் கழித்துக்கொண்டால் எடுக்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது கதவை மட்டும் இன்னொரு தடவை சாத்திப் பார்த்துவிட்டு வந்தேன்.