தொடக்கப்பள்ளி இசையறைக்குக் கையால் செய்த காட்சிப் பொருள்கள்: என்ன வைக்கலாம்?

கேள்வி (இசை ஆசிரியை, கும்பகோணம் அருகில்)

வணக்கம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கிறேன். இதுவரை மரத்தடியிலும் சத்துணவுக்கூடத் திண்ணையிலும் நடந்துவந்த வகுப்புக்கு இவ்வாண்டு தனி அறை கிடைத்திருக்கிறது. கடையில் விற்கும் வாத்தியப் படங்களை வாங்கி மாட்டிவிடலாம்தான். ஆனால் பிள்ளைகள் அவற்றை முதல் நாள் மட்டுமே நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது என் அனுபவம். அவர்களே செய்தவையாகவும், பாடம் நடக்கும்போது கையாளக்கூடியவையாகவும் உள்ள பொருள்களையே வைக்க விரும்புகிறேன். கர்நாடக இசையின் முதல் பயிற்சியான சரளி வரிசைக்காக ஏழு வண்ண அட்டைகளில் படிக்கட்டு ஒன்று வெட்டி ஒட்டினோம். பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனாலும் பாடும்போது ஒருவரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. சுவரின் சுண்ணாம்பு உதிர்வதால் எதை ஒட்டினாலும் இரண்டே நாளில் விழுந்துவிடுகிறது என்பது தனித் தொல்லை. எதிரொலியும் அதிகம், முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடினால் சொற்கள் கலங்கிவிடுகின்றன.

பதில் 1 (ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்)

அம்மா, எல்லாப் படிகளையும் ஒரே உயரத்தில் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சரளி வரிசை பாடப்படும் மாயாமாளவகௌளை ராகம் அப்படி ஏறுவதில்லை. ஒரு ஸ்தாயியின் (ச முதல் மேல் ச வரை) 12 சுரத்தானங்களில் ஒவ்வொன்றுக்கும் 3 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், சட்ஜத்திலிருந்து (ச) சுத்த ரிஷபத்திற்கு (ரி) 3 அங்குலம், அங்கிருந்து அந்தர காந்தாரத்திற்கு (க) 9, சுத்த மத்திமத்திற்கு (ம) 3, பஞ்சமத்திற்கு (ப) 6, சுத்த தைவதத்திற்கு (த) 3, காகலி நிஷாதத்திற்கு (நி) 9, மேல் சட்ஜத்திற்கு 3 என மொத்தம் 36 அங்குலம் வரும். தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கினால் நாலரை அடியில் முடியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மேல் சட்ஜம் கைக்கு எட்டும்.

ரிஷபத்திலிருந்து காந்தாரத்திற்கு எட்டாமல் தாழ்த்திப் பாடும் பிள்ளையிடம் "இன்னும் மேலே" என்று பத்து முறை சொல்வதைவிட, அந்த 9 அங்குலத்தை விரலால் ஏறச் சொல்வது விரைவில் பலன் தரும். 3, 9, 3 என்ற கீழ்ப்பாதியே மேற்பாதியிலும் திரும்ப வருகிறது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அளவுகோலைப் பிடிக்கும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். படிகளை ஒட்டாமல் தனித்தனிப் பட்டைகளாகக் கயிற்றில் மாட்டினால், பின்னாளில் ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் 3 அங்குலம் உயர்த்திச் சங்கராபரண ராகமாக்கிக்கொள்ளலாம்.

பதில் 2 (கைவினைப் பயிற்றுநர்)

உதிரும் சுவரில் பசையோ டேப்போ நிற்காது. சுவரின் இரு மூலைகளிலும் ஆணி அறைந்து சணல் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் மாட்டுங்கள். எதிரொலிக்குப் பலரும் முட்டைத் தட்டுகளைப் பரிந்துரைப்பார்கள். அவற்றால் பயன் மிகக் குறைவு, எளிதில் தீப்பற்றவும் செய்யும். பழைய பருத்திப் புடவைகளை நெருக்கமான மடிப்புகளோடு, சுவரை ஒட்டாமல் நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் பேச்சொலியின் கலக்கம் நன்றாகக் குறையும்.

ஒரு புடவையை மட்டும் மடிப்பில்லாமல் விட்டு, அதில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தைத் தைக்கலாம். பிள்ளைகள் தம் கைகளையே துணியில் வரைந்து வெட்டட்டும்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என எட்டுக் கைகள். ஊசி வேலை நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு மட்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றே படிகளை மாற்றி வெட்டினோம். "இந்தப் படி மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு உயரம்?" என்று ஒரு மாணவி கேட்டாள், பாடிப் பார்க்கச் சொன்னேன். அடுத்து வாத்தியங்களுக்கு ஒரு மூலை ஒதுக்க எண்ணுகிறேன். சுரப்படிகளின் மேல் குரல், துத்தம், கைக்கிளை என்று தமிழ்ப் பெயர்களையும் எழுதலாமா?

பதில் 3 (நாகசுரக் குடும்பத்தைச் சேர்ந்தவர்)

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற வரிசையைத் தனிப் பட்டையில் எழுதுங்கள். படிகளின் மேல் வேண்டாம். குரல் என்பது சட்ஜமா மத்திமமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கைத் தொடக்கப்பள்ளிச் சுவர் தீர்க்க வேண்டியதில்லை.

வாத்திய மூலையைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் (உலோகம்) என நான்காகப் பிரித்து, ஐந்தாவதாக "மிடறு" (தொண்டை) என்று எழுதி அதன் கீழ் ஒரு முகக்கண்ணாடியை மாட்டுங்கள். தோலுக்குச் சிரட்டையில் பலூனை இழுத்துக் கட்டிய சிறு மேளம் போதும். துளைக்கு நீங்கள் வெளியூரில் தேட வேண்டியதே இல்லை. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகசுரத்தைச் செய்யும் நரசிங்கம்பேட்டை உங்கள் பக்கத்து ஊர்தான். விரிசல் விட்ட அணசோ (நாகசுரத்தின் அகன்ற அடிப்பகுதி) பழைய சீவாளியோ (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கேட்டால் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். அதன் அருகில் பூவரச இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிச் செய்த பீப்பீயை வையுங்கள். நசுங்கிய வாய் அதிர்ந்து ஒலி எழுப்புவது இரண்டிலும் ஒன்றே என்பது ஊதிப் பார்க்கும் பிள்ளைக்கு உடனே விளங்கும். சீவாளியை மட்டும் மூடிய புட்டிக்குள் வையுங்கள், ஒருவர் வாய் வைத்ததை மற்றவர் ஊத வேண்டாம். பூவரச இலைக்கு அந்தக் கவலை இல்லை; மாலைக்குள் வாடிவிடும், மறுநாள் ஆளுக்கொன்று பறித்துக்கொள்ளலாம்.